இறுதி ஊர்வலத்தில் ஒரு விறகு வண்டி

அப்பாவின் அமரர் ஊர்திக்கும் தன் காருக்கும் நடுவில் புகை கக்கிக்கொண்டு ஒரு வண்டி எப்படி நுழைந்தது என்று கண்ணாடிக்கடைக்காரருக்குப் புரியவில்லை. சிக்னலில் சிவப்பு விழுந்து ஊர்தி முன்னே போய்விட்டது. விரட்டிக்கொண்டு வந்து மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் அதைப் பிடித்தபோது, நடுவில் இது இருந்தது.

பழங்காலத்துக் கறுப்புக் கார். பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு. அதிலிருந்து தடித்த குழாய் கூரைமேல் ஏறி, முன்பக்கம் எஞ்சினுக்குள் இறங்கியது. கூரையில் ஒரு மூட்டை விறகு.

"ஏங்க, யாரு இது? உங்க சொந்தமா?" என்றாள் மனைவி.

"எங்க சொந்தத்துல அடுப்போட யாரு வருவா? உங்க பக்கமா இருக்கும்."

"எங்க பக்கத்துல சமைச்சு முடிச்சிட்டுத்தான் கெளம்புவாங்க."

காலையிலிருந்து வாயே திறக்காத சித்தப்பா பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டேய், இது விறகு வாயுவில ஓடற வண்டி. பெட்ரோல் கிடைக்காத காலத்துல ஓட்டினாங்க. விறகு புகையும், அந்தப் புகைதான் எஞ்சினுக்குச் சாப்பாடு."

"ஓட்டறது யாரு சித்தப்பா?"

"அதுதான் தெரியல."

பெற்ற பிள்ளை இருக்கும்போது முன்னால் யாரோ போவதா? கண்ணாடிக்கடைக்காரர் மெல்ல ஹார்ன் அடித்தார். ஜன்னல் வழியே ஒரு கை நீண்டு 'வாங்க, வாங்க' என்று அசைந்தது. இவர்கள் பின்தங்கிவிடக் கூடாதென்று வண்டி வேகத்தையும் குறைத்தது. இன்னும் பலமாக அடித்தார். வண்டி ஊர்ந்தது. பின்னால் உறவுக்காரர்களின் கார்கள் ஒன்றோடொன்று முட்டாத குறை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. எல்லோரும் வரிசையாக நின்றார்கள். அவர் இறங்கிப் போனார். நெற்றியெல்லாம் கரியோடு ஒரு கிழவர் அடுப்பைக் கம்பியால் கிளறிக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. காது கொஞ்சம் மந்தம்.

"ஐயா! வண்டி யாரோடதுங்க?"

கிழவர் ஊர்தியைக் காட்டினார். "இதோ படுத்திருக்காரே, அவரோடது. ஒவ்வொரு குழாயும் அவர் கையால வளைச்சது."

திரும்பி வந்து காரில் உட்கார்ந்தார். "அப்பா வண்டியாம்."

"மாமாவோடதா? பல்பு மாத்தவே ஆள் கூப்பிடுவாரே!"

"கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணன் கொஞ்ச நாள் மரக்கடையில இருந்தாரு," என்றார் சித்தப்பா. "அங்க கத்துக்கிட்டிருப்பாரு."

துக்கத்தில் போன் அடிக்கக் கூடாதென்று எல்லோரும் அணைத்து வைத்திருந்ததால், என்ன தாமதம் என்று கேட்க அக்காவே பின் காரிலிருந்து இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, வண்டின்னா ஒரு ஷெட் இருக்கும். ஷெட்டுன்னா ஒரு வீடு இருக்கும். அந்த வீட்ல யாரு இருக்கா?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா வெளியே வேடிக்கை பார்த்தார். அவர் பார்த்த விதம் யாருக்கும் பிடிக்கவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் மறுபடி போனார். "ஐயா, அவருக்கு அந்த வீட்ல... வேற யாராவது?"

"நான் ஒருத்தன்தான். ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு பேருமா இதுல கெளம்பிடுவோம். ஆத்தங்கரை வரைக்கும் போவோம். குழந்தையாட்டம் சிரிப்பாரு."

ஞாயிறுதோறும் 'நடந்துட்டு வரேன்' என்று கிளம்பி மத்தியானம் திரும்புகிற அப்பா. வீட்டில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அதிகம் வெளியே வராத அப்பா. சிரிப்பாராமே. ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நானும் வந்திருப்பேனே என்று நினைத்துக்கொண்டார்.

கேட் திறந்தது. ஊர்தி நகர்ந்தது. விறகு வண்டி இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது.

"ஈர விறகுங்க," என்றார் கிழவர். "காஞ்ச மரம் கொஞ்சம் கெடைச்சா பிடிச்சுக்கும்."

"என் கார்ல ஏறிக்குங்க."

"ஐயோ, வேண்டாங்க. இந்த வண்டி கூட வரணும்னு கேட்டுட்டுத்தான் கண்ணை மூடினாரு."

பின்னால் ஹார்ன்கள் அலறின. சுற்றிலும் ஒரு சுள்ளி இல்லை. மனைவியின் மடியில், பெட்டியோடு குழியில் வைப்பதற்காகத் துணி சுற்றிய அப்பாவின் கைத்தடி இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் அதை எடுத்தார்.

"ஏங்க! அது மாமாவோடது!"

"வண்டியும் அவரோடதுதானே."

முழங்காலில் வைத்து ஓங்கி அழுத்தினார். முழங்கால்தான் உடையும் போலிருந்தது. சித்தப்பா வந்து மறுமுனையைப் பிடித்தார். தடி படீரென்று முறிந்தபோது, அப்பா போனதிலிருந்து வராத அழுகை அவருக்கு வந்தது. நடுரோட்டில் நின்று விசும்பி விசும்பி அழுதார். கிழவர் துண்டுகளை வாங்கி அடுப்பில் போட்டார். வண்டி உறுமிக்கொண்டு உயிர்பெற்றது.

இந்த முறை ஹார்ன் அடிக்கவில்லை. இடுகாடு வரை அதன் பின்னாலேயே மரியாதையாகப் போனார். மூடிய பெட்டியை அவரும் உறவுக்காரர்களும் தோளில் சுமந்து குழிக்குள் இறக்கினார்கள். முதல் பிடி மண்ணை எடுத்த கண்ணாடிக்கடைக்காரர், போடாமல் கிழவரின் உள்ளங்கையில் வைத்தார். "நீங்கதான் மொதல்ல போடணும்." அக்கா பெருங்குரலெடுத்து அழுதாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள்.

எல்லாம் முடிந்தபின் கிழவர் வந்து அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"எங்கண்ணன் யார்கிட்டயும் பழகாத மனுஷன், என்னை விட்டா ஒரு ஈ காக்கா வராதுன்னு நெனச்சேங்க. இத்தனை பேரு வந்து தோள் குடுத்து அழுதீங்களே... நீங்கல்லாம் யாருங்க?"