மிஸ்டுகால் ராஜ்ஜியம்

ஏழு கடல், ஏழு மலையெல்லாம் தாண்ட வேண்டாம். எட்டிப் பார்க்கிற தூரத்தில்தான் இருந்தது குரல்நாடு. மன்னருக்குக் குறையில்லை, மக்களுக்குத்தான் பிழைப்பில்லை. அதனால் அயல்தேசம் போனார்கள். போகிறவர் அரசாங்கக் கடையில் பிரீபெய்டு திட்டம் ஒன்றை வாங்கியாக வேண்டும், திரும்பும்வரை அதை மாற்றக் கூடாது என்பது சட்டம்.

செங்கமலமும் வீட்டுவேலைக்குப் புறப்பட்டாள். கல்குவாரித் தூசியில் நெஞ்சு கெட்டுப் படுத்துவிட்ட புருஷன் சடையப்பனுக்கு மருந்து வாங்க வேறு வழியில்லை, பாவம்.

"மூன்று திட்டங்கள்," என்றார் கடை அதிகாரி, தானே மன்னர் மாதிரி நிமிர்ந்து. "ராஜ திட்டத்தில் பேசலாம், கேட்கலாம். மத்திமத் திட்டத்தில் பேசலாம், பதில் கேட்காது. எளியோர் திட்டத்தில் மணி மட்டும் அடிக்கும். எடுத்தால் கட்டாகிவிடும்."

"வெறும் மணிய வச்சு என்னங்கய்யா பண்றது?"

"மன்னரின் கருணையை அனுபவிக்கலாம்."

ராஜ திட்டம் வாங்கினால் மருந்துக்கு மிஞ்சாது. எளியோர் திட்டத்தோடு வீடு வந்தாள். சடையப்பன் இருமலுக்கு நடுவே சிரித்தான்.

"பேச்சு எதுக்குடி? தினம் காலையில ஒரு மிஸ்டுகால் விடறேன். அடிச்சா நான் உசுரோட இருக்கேன்னு வச்சுக்க. அடிக்கலேன்னா கெளம்பி வந்துரு."

அப்படியே நடந்தது. அயல்வீட்டு அடுப்படியில் மணி அடிக்கும். செங்கமலத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும். அப்புறம்தான் காப்பியே குடிப்பாள்.

குரல்நாட்டில் தேர்தல் வந்தது. ஒவ்வொரு மிஸ்டுகாலும் மன்னருக்கு அளித்த ஆதரவாகக் கொள்ளப்படும் என்று மந்திரிசபை அறிவித்தது. மணியடிக்காதவர்கள் மறதியால்தான் அடிக்கவில்லை என்று ஆராய்ந்து கண்டுபிடித்து, அவர்கள் சார்பில், அவரவர் எண்ணிலிருந்து வழக்கமான எண்ணுக்கே அரசு தினமும் அடிக்கும் என்றது அடுத்த ஆணை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று தபாலையும் மூடினார்கள். மன்னர் அமோகமாக ஜெயித்தார். செங்கமலத்துக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவளுக்கு மணி வந்துகொண்டிருந்தது.

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினாள். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு நாகம்மாள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"போய்ச் சேந்து நாலு மாசமாச்சு தாயி. எப்படிச் சொல்லுவேன்? உன் போன்ல பேச்சு ஏறாது, தபாலும் கெடையாது."

"இல்லக்கா! இன்னிக்குக் காலையில கூட அடிச்சாரே!"

நாகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் செங்கமலம் அந்தக் கடைக்கே போனாள். அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார். "சடையப்பன்... உத்தமக் குடிமகன். ஒருநாளும் ஆதரவு தவறியதில்லை."

"அவரு செத்துப் போயிட்டாருய்யா! மணி வந்துச்சேன்னு நாலு மாசமா சிரிச்சுக்கிட்டே சோறு தின்னிருக்கேன்யா நான். அத நிறுத்துங்க."

"தாராளமாக." அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். "ஆதரவை விலக்கிக்கொள்ள, சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்."

"செத்தவரு எப்படிய்யா வருவாரு?"

"வராதவரை அவர் மன்னரோடுதான் இருக்கிறார், அம்மா. கொஞ்சம் ஒதுங்குங்கள்."

ஒதுங்கியபோதுதான் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை தெருமுனை தாண்டி நின்றது. எல்லார் கையிலும் அதே படிவம்.