ஆயா பிடித்த புஷ்பவள்ளி

பெர்மாஸ் ஜெயா கடைவரிசையில் மாடிப்படி கொள்ளாத கூட்டம். குளுவாங்கிலிருந்துகூட வேன் பிடித்து வந்திருந்தார்கள். எல்லாம் மூளைக்காப்பு சாமியைப் பார்க்கத்தான். அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து சில மாதம்தான். அதற்குள் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தவர்களெல்லாம் டாக்டரைவிட அவரைத்தான் அதிகம் நம்பினார்கள்.

சாமியின் சரக்கு இதுதான். மயக்க ஊசி போட்டதும் உயிர் வெளியே உலாவப் போய்விடும். அந்த நேரம் பார்த்து ஏதாவதொரு ஆவி மூளையில் குடியேறிவிடும். வாடகைகூடக் கொடுக்காது! அதனால் வீடு திரும்பியவரை இருட்டறையில் வைக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி கூடாது, ஆவி அதில் முகம் பார்க்கும். காது மெஷின் கூடாது, ஆவி அதில் பேசும். தண்ணீருக்குப் பதில் கரண்டியில் தீர்த்தம். அப்படியும் ஆவி வந்துவிட்டால் சாமியே வந்து விரட்டுவார். விரட்டியதும் கண்ணாடி, மெஷின், தண்ணீர், வெளிச்சம் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுப்பார். மறுநாளே நோயாளி தேறிவிடுவார். அற்புதம்!

லோஷினியின் மாமியார் புஷ்பவள்ளி குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு ஆப்பரேஷன் செய்துகொண்டவர். வீடு வந்த அன்று, "முறுக்கு டின்ன எறும்பு மொய்க்குது பாரு" என்று அதிகாரம் செய்யும் அளவுக்குத் தெளிவாக இருந்தார். மகன் ரூபேந்திரன்தான் சாமி சொன்னபடி திரையை இழுத்துவிட்டு, கண்ணாடியையும் மெஷினையும் பூட்டி வைத்தான்.

"வேணாங்க" என்றாள் லோஷினி.

"எங்கம்மா உயிர்லா இது. வெளையாடாதே" என்று அவள் வாயை அடைத்தான்.

இரண்டு நாளில் மாமியார் சுவரோடு பேச ஆரம்பித்தார். லோஷினியைப் பார்த்து, "மிஸ்ஸி... ஆயே... ஆயே..." என்று கெஞ்சினார். இன்னும் ஆஸ்பத்திரியில் இருப்பதாக நினைத்து மருமகளை நர்ஸ் என்கிறாரே! இனி இந்த மனுஷி தன்னை அதட்டவே மாட்டாரோ என்று லோஷினிக்கு அழுகை முட்டியது. உடனே வார்டுக்குப் போன் போட்டாள்.

ரூபேந்திரன் சாமியை அழைத்தான். அவர் பக்தர்களோடு வந்தார். "யார் நீ?" என்று உறுமினார்.

"ஆயே..."

"கேட்டீங்களா! ஆயா! ரப்பர் தோட்டத்துல பிள்ளைங்கள பார்த்துக்கிட்டு இருந்த ஆயா, செத்தும் அடங்கல!"

பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமிக்கு மலாய் தெரியாது, சரி. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் மலாய் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் சாமி வாய் திறந்ததும் அவர்கள் காதுகள் மலாயை மறந்துவிட்டன.

"அலமாக்! ஆயாவுமில்ல, பேயுமில்ல" என்றாள் லோஷினி. "மலாய் மிஸ்ஸிகிட்ட பேசறதா நெனச்சு, மலாய்ல 'ஆயேர்'னு தண்ணி கேக்கறாங்க. நாக்கு வறண்டு வார்த்தை பாதியில நிக்குது. வார்டுல கேட்டேன், வயசானவங்களுக்கு ஆப்பரேஷன் முடிஞ்சா இப்படிக் குழப்பம் வரலாமாம். கண்ணு காதை மூடி, தண்ணியும் குடுக்காம விட்டா இன்னும் மோசமாகுமாம். சாயந்திரமே கொண்டாரச் சொல்லிட்டாங்க."

"ஆயா உன்னைச் சும்மா விடமாட்டா!"

"சாமி, பூஜை முடிஞ்சதும் நீங்க திருப்பிக் குடுக்கறதை எல்லாம், பூஜை இல்லாமலே இப்பவே குடுக்கறேன். ஆயா போறாளா பார்ப்போம்."

இத்தனை பேர் முன்னால் சாமியால் மறுக்க முடியவில்லை. "செஞ்சு பாரு" என்று சோபாவில் சாய்ந்தார்.

லோஷினி திரையை விலக்கினாள். மெஷினைக் காதில் மாட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகட்டினாள். கையைப் பிடித்துக்கொண்டு பேசியபடியே இருந்தாள். ஆயா உறுமுவாள் என்று கூட்டம் காத்திருந்தது. சோபாவில் சாமிதான் குறட்டை விட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரம். சக்கர நாற்காலியில் கூடத்துக்கு வந்த புஷ்பவள்ளி ஒரு சுற்றுப் பார்த்தார்.

"லோஷினி, யாரு இந்தாளு? நம்ம சோபாவுல கால நீட்டிப் படுத்திருக்கான்?"

லோஷினி சிரித்துக்கொண்டே அழுதாள். ரூபேந்திரன் தரையைப் பார்த்தான்.

சாமி துள்ளி எழுந்தார். "நான் இங்கே இருந்ததால ஆவி ஓடிட்டது!"

கூட்டத்தில் வசந்தன் என்பவர் மெல்ல முன்னால் வந்தார். "எங்கப்பா கண்ணாடியையும் இப்படித்தானே புடுங்குனீங்க? அப்ப, ஆவிய கொண்டாந்து விட்டதே நீங்கதானா?"

சாமி செருப்பைத் தேடினார். கிடைக்கவில்லை. வெறுங்காலோடே படியிறங்கினார்.

"செடெனாக்ல இன்னொரு சாமி இருக்காராம், இவரைவிடப் பவராம்" என்று வாசலில் யாரோ கிசுகிசுத்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட புஷ்பவள்ளிக்கு மயக்கம் தெளிந்துவிட்டது. ஊசியே போடாமல் மயங்கிக் கிடப்பவர்களே, உங்களுக்கு எப்போது தெளியும்?