காற்றை உள்ளே விடாதவர்

வீட்டில் யாராவது தும்மினால், தும்மியவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்க்கிற ஓர் இனம் உண்டு. உலகத்து நோயெல்லாம் அந்த வழியாகத்தான் வருகிறது என்பது அவர்கள் கட்சி. காய்ச்சலா, மூடு. இருமலா, மூடு. ஏற்கெனவே மூடியிருக்கிறதா? இடுக்கில் துணியைச் செருகு. இந்த இனத்தைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் தெருத் தையற்காரர் இந்த இனத்துக்கே திலகம். அவர் மனைவி முதன்முறையாகக் கோழி வளர்க்க ஆசைப்பட்டு, பின்பக்கத்து அறையில் உமி பரப்பி, சூட்டுக்குக் குண்டு பல்பு தொங்கவிட்டு, பெட்டி நிறையக் குஞ்சுகளை இறக்கினார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அலகைத் தண்ணீரில் தொட்டுக் குடிக்கப் பழக்கினார். அந்த வாரமே ஒரு குஞ்சு தும்மியது. நம்மவருக்கு அது போதாதா? கடையைப் போட்டது போட்டபடி விட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்து, ஜன்னல், கதவு, கூரைக்குக் கீழே இருந்த சந்து என்று ஒன்று விடாமல் அளவெடுத்து, தடித்த துணியில் உள்துணி வைத்துத் தைத்து, ஓரம் மடித்து, சுற்றிலும் ஆணி அடித்துவிட்டுத்தான் மூச்சுவிட்டார். அவர் தைத்த எந்தக் கோட்டும் அவ்வளவு கச்சிதமாக அமைந்ததில்லை.

குஞ்சுகள் அலகைத் திறந்து மூச்சுக்குத் தவித்தன. சில செத்தும் போயின.

“ஏங்க, உள்ள போனாலே கண்ணு எரியுது. ஒரே நெடி. கொஞ்சம் திறந்து விடலாமே?” என்றார் மனைவி.

“குளிர் காத்து பட்டுத்தான் இப்படி இழுக்குது. நீ பொழுதன்னைக்கும் திறந்து திறந்து பாக்குறே பாரு, அதான்!”

பழி மனைவி மேல் விழுந்தது. ஜன்னலில் இன்னொரு மடிப்புத் துணி ஏறியது. செத்த குஞ்சு ஒன்றை முந்தானையில் பொதிந்து எடுத்துப்போகும்போது அந்த அம்மாள் அழுதுவிட்டார். பார்த்த மனிதருக்கு மனசு கேட்கவில்லை. “நானே உள்ள உக்காந்து பாத்துக்கறேன். யாரும் கதவத் திறக்கக் கூடாது” என்று முழங்கிவிட்டு, மத்தியானம் சாப்பிட்ட கையோடு உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். குஞ்சுகளின் இழுப்பு நன்றாகக் காதில் விழட்டும் என்று தரையோடு தரையாகப் படுத்தார். ஈர உமியும் எச்சமும் சேர்ந்து புழுங்கிய நெடி அங்கேதான் தேங்கிக் கிடந்தது.

கொஞ்ச நேரம்தான். கதவு படாரென்று திறந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய, கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, குஞ்சுகள் இழுத்த அதே இழுப்பை இழுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் விழுந்தார்.

“என்னங்க, குளிர் அடிச்சிருச்சா?” என்றார் மனைவி.

மூச்சு வந்ததும், வீட்டில் யாரும் தொடக்கூடாது என்று பூட்டிவைத்திருக்கும் துணி வெட்டுகிற கத்தரியைத் தானே எடுத்துவந்து மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மாள் ஜன்னல் துணியை மேலிருந்து கீழ்வரை வெட்டித் தள்ளினார். பிறகு இருவரும் ஈர உமியை அள்ளிக் கொட்டி, காய்ந்த உமி பரப்பினார்கள். மிச்சமிருந்த குஞ்சுகளில் பலவும் மெல்ல மெல்ல அலகை மூடி மூச்சுவிட்டன. போனவை போனவைதான். அதற்கு எந்தத் தையலும் கிடையாது.

இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் நம்மவர் என்ன சொல்கிறார் தெரியுமா? “குஞ்சுக்குக் காத்தோட்டம்தாங்க முக்கியம். நான் அப்பவே சொன்னேன், வீட்டுல யாரு கேக்குறாங்க?”

சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் வரியில் தும்மல் என்று படித்ததும் உங்கள் கண் எந்தப் பக்கம் போனது? இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையில் என் மகள் இருமினாள். எழுந்துபோய், இருக்கிற ஜன்னலுக்கெல்லாம் கொக்கி போட்டுவிட்டு வந்துதான் இதை முடிக்கிறேன். எனக்கும் இப்போது லேசாக மூச்சு முட்டுகிறது. எங்கேயோ குளிர் காற்று பட்டிருக்கும்.