கரகரவென்று கேட்க வேண்டுமாம்

மேல் லயம், தேயிலைத் தோட்டம், ரிங்லெட்
12.3.1989

சிங்கப்பூரில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் காளிமுத்து அவர்களுக்கு, மைக் செட் சின்னையா வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க அம்மனை வேண்டுகிறேன். இங்கு உங்கள் அக்காள் பவளம் நலம். மழையும் நலம். என்னைப் பற்றிக் கேட்காதீர்கள்.

தீபாவளிக்கு வந்தபோது விஜயனுக்கு நீங்கள் கொடுத்துவிட்டுப் போன மின்சாரக் கித்தாரையும், அதோடு வந்த ஜப்பான் டிஜிட்டல் பெட்டியையும் பற்றித்தான் எழுதுகிறேன். மருமகன் மேலுள்ள பிரியத்தில் கொடுத்தீர்கள், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேக்டரியில் இலை உருட்டும் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவன் என்றாலும், கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா எதுவானாலும் மைக் செட் கட்ட கம்போங் ராஜா ஊர்வரை என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஏன் கூப்பிடுகிறார்கள்? சின்னையா செட்டில் கரகரப்பு இருக்காது. இருபது வருஷமாக நான் சம்பாதித்த ஒரே பெயர் அது. உங்கள் மருமகனுக்கோ கரகரப்பு மட்டும்தான் வேண்டுமாம்.

உங்கள் பெட்டியில் சிவப்பு எண்கள் எரிகின்றன. ஒவ்வொரு எண்ணுக்கும் உள்ளே ஒரு பெரிய அம்ப்ளிஃபயர் இருக்கிறது என்கிறான், நிஜமாக இல்லையாம், இருப்பதுபோல் சத்தம் வருமாம். அதை என் செட்டில் மாட்டி, மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் விட்டான். தேயிலை டின்னுக்குள் அடைத்த வண்டு மாதிரி இருந்தது. அவனும் முகத்தைச் சுளித்தான். சரி, பையனுக்குக் காது இருக்கிறது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். பிறகு கோயில் வாசலில் வைக்கிற பெட்டி ஸ்பீக்கரில் மாட்டினான். அது லோரியில் அடிபட்டு உள்ளே சத்தம் எழுப்பும் காகிதம் கிழிந்து, பசை போட்டு ஒட்ட வேண்டும் என்று நான் ஓரமாக வைத்திருந்தது. அதில் விட்டதும் எருமை உறுமுவதுபோல் ஒரு சத்தம். வீட்டுப் பாத்திரமெல்லாம் ஆடிற்று. "இதுதாம்பா கனம்" என்றான். "எத்தனை கிலோ?" என்று கேட்டேன். அதற்கும் கோபித்துக்கொள்ளாமல் சிரித்தான்.

மச்சான், உங்களிடம் மறைப்பதற்கென்ன. மீசை முளைத்ததிலிருந்து "ம்" என்பதற்கு மேல் என்னோடு பேசாத பிள்ளை அவன். திரிங்காப்பில் கோஸ் ஏற்றும் லோரி வேலைக்குப் போவான், வருவான், சாப்பிடுவான், படுப்பான். இந்தச் சனியன் வந்த பிறகுதான் என் பக்கத்தில் குந்தி, "அப்பா, பேஸைக் கொஞ்சம் ஏத்து லா, டிரபிளை இறக்கு லா" என்று கேட்க ஆரம்பித்தான். எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தில் உதவி செய்யப் போனேன், அங்கேதான் சனி பிடித்தது. இரைச்சல் வருகிறதே என்று எர்த் கம்பி இழுத்துக் கொடுத்தேன். கிழிந்த காகிதத்தைப் பழுது என்று நினைத்து ஒட்டினேன். மறுநாள் அவனே பிய்த்துவிட்டான். பேக்டரியில் உருட்டும் மெஷின் ஓடும்போது லயத்து வீடுகளில் கரண்ட் இறங்கி விளக்கு அழுது வடியும் இல்லையா, அந்த நேரம்தான் சத்தம் நன்றாகத் தடிக்கிறதாம், அதற்காகக் காத்திருப்பான். நான் போய், பாவம் பிள்ளை கரண்ட் இல்லாமல் கஷ்டப்படுகிறான் என்று ஸ்டெபிலைசர் கொண்டுவந்து வைத்தேன். அவன் அதைப் பார்த்த பார்வையை எழுதினால் நீங்கள் வருத்தப்படுவீர்கள். உங்கள் அக்காளோ இதில் எதிலும் தலையிடவில்லை. "ஏழாம் நம்பர் மட்டும் வேணாம்டா, கோழி முட்டை வைக்க மாட்டேங்குது" என்றதோடு சரி.

இதெல்லாம் வீட்டோடு போயிருந்தால் நான் ஏன் தபால்தலை ஒட்டப் போகிறேன். போன மாதம் வெள்ளிக்கிழமை பூசைக்கு அவசரத்தில் செட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். உங்கள் பெட்டி அதிலேயே மாட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை. கோயில் தலைவர் ஆண்டியப்பன் கங்காணி மைக்கைப் பிடித்து, பொங்கல் வாங்க வரிசையில் வாங்க என்றுதான் சொன்னார். அது குகைக்குள்ளிருந்து ஒரு பூதம் பத்துத் தடவை சொல்வதுபோல் வந்தது. கங்காணி தன் குரலுக்குத் தானே பயந்து மைக்கைக் கீழே போட்டார். வழக்கமாகச் சாமியாடும் வடிவம்மாளுக்கு அருள் வந்துவிட்டது. தலையை விரித்துப்போட்டு ஆடிக்கொண்டே, "என் காது வலிக்குதுடா, இந்தச் செட்ட மாத்துங்கடா" என்றாள். கங்காணி சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். அம்மன் வாக்குக்கு மேல் யாரிடம் போய் முறையிடுவது?

கமிட்டி கூடியது. சித்திரைத் திருவிழாவுக்குத் தாப்பாவிலிருந்து வேறு செட் வரவழைப்பது என்று பேச்சு. "ஒரு வாட்டி சோதிச்சுப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க" என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். ஈப்போ போய் புது ஸ்பீக்கர் வாங்கி வந்தேன். கிழிந்ததைக் கழற்றிவிட்டு அந்த ஸ்பீக்கர் பெட்டியில் அதைப் பொருத்தி, எர்த் கம்பி, ஸ்டெபிலைசர் எல்லாம் போட்டு, முந்தாநாள் சோதித்துக் காட்டினேன். கோயில் மணி மாதிரி இருந்தது. வடிவம்மாள்கூட ஆடாமல் நின்று கேட்டாள். திருவிழா எனக்குத்தான் என்று கங்காணி அங்கேயே சொல்லிவிட்டார்.

விஜயன் வீட்டுக்கு வந்து, அந்தப் புது ஸ்பீக்கரில் கித்தாரை மாட்டி ஒரே ஒரு தடவை தட்டினான். எல்லா எண்ணையும் அழுத்திப் பார்த்தான். "நல்லாத்தான்பா இருக்கு" என்றான். பிறகு கித்தாரைக் கோணிச் சாக்கில் போட்டுக் கட்டி, "மாமாவ வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு லா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். இப்போது மறுபடியும் "ம்" மட்டும்தான். ஆகவே மச்சான், திருவிழாவுக்கு முன் ஒருநடை வந்து உங்கள் சாமானை எடுத்துப்போகும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அலைந்தது போதும், எனக்கும் வயதாகிறது.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டில் விளக்கு மங்காமல் எரியட்டும்.

இப்படிக்கு,
சின்னையா

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். நீங்கள் வர வேண்டாம். இன்று மத்தியானம் பவளம் நூல் வெட்டச் சவரக் கத்தியைத் தேடியபோது அது என் கையில் இருந்தது. புது ஸ்பீக்கரின் காகிதத்தை நானே கிழித்து, சாக்கிலிருந்து கித்தாரை எடுத்து மாட்டித் தட்டிப் பார்த்தேன். முதல் கிழிசல் சரியாக விழவில்லை, இரண்டாவதும் அப்படித்தான், மூன்றாவது உறுமிற்று. லோரியிலிருந்து இறங்கி வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். கங்காணியிடம் போய், தாப்பா செட்டுக்கே சொல்லிவிடுங்கள் என்றேன். "ஏன் சின்னையா, நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். "கெட்டுப்போச்சுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, விளக்கு மங்குகிறது. உள்ளே கூப்பிடுகிறான், இன்னும் ஒரு விரற்கடை கிழிக்க வேண்டுமாம், போகிறேன்.