கேரவனுக்கு மூச்சு விட்டவர்

இந்த வருஷம் கடற்கரைக்குத் தனியாகத்தான் போவது என்று ரகுநாதன் முடிவெடுத்தபோது, அவர் கேரவனின் கக்கூஸ் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் சொந்தமாக எடுத்த முடிவுகளை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். அதிலும் இது பெரிய முடிவு. மனைவியைக் கேட்காமல் எடுத்தது.

பாவம், காரணம் இல்லாமல் இல்லை. ரகுநாதன் அபுதாபியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இன்ஜினீயர். மூன்று வருஷம் முன்பு, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு டச்சுக்காரரிடமிருந்து இந்தக் கேரவனை வாங்கினார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற குட்டி வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உண்டு. அதைப் புஜைரா கடலோரத்தில் நிறுத்தி, தூண்டிலைப் போட்டுவிட்டு, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

நடந்தது வேறு. ஒவ்வொரு தடவையும் மனைவி மஹதி மூன்று குடும்பங்களைக் கூப்பிட்டுவிடுவாள். நாலு பேர் படுக்கிற வண்டிக்குள் பதினோரு பேர் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார்கள். ரகுநாதன் தண்ணீர் பிடிப்பார், சிலிண்டர் மாற்றுவார், தொட்டியைக் கழுவுவார். ஆசையாக வாங்கிய தூண்டில் இன்னும் கடலையே பார்க்கவில்லை.

அவருக்கு வழி காட்டியது வண்டியின் வருஷாந்திர சர்வீஸ். ஊரை ஒட்டிய முசஃபாவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கீழக்கரை கௌஸ் முகைதீன், சர்வீஸுக்கு முன்னால் செய்ய வேண்டியதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அலமாரிகளைக் காலி பண்ணணும். சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் இருக்கக் கூடாது. தண்ணி டேங்கை வடிச்சிடணும். ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைச்சுக் கதவைத் திறந்து வைக்கணும். கட்டிலுக்கு அடியில் பேட்டரி இருப்பதால் மேலே எதையும் அடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை காலையில் விட்டால் மத்தியான ஜும்மா தொழுகைக்கு முன்னால் முடித்துவிடலாம்.

அந்தக் கடைசி வரியை மட்டும் ரகுநாதன் அழித்துவிட்டு, மனைவிக்கு ஃபார்வர்ட் செய்தார்.

"மஹதி, இந்தத் தடவை சர்வீஸ் ரெண்டு நாள் ஆகும்."

"போன வருஷம் அரை நாள்ல முடிஞ்சுதே?"

"போன வருஷம் ஈரச் சோதனை பண்ணலை."

"அது என்ன?"

"சுவத்துக்குள்ள ஈரம் இறங்கியிருக்கான்னு மீட்டர் வெச்சுப் பார்ப்பாங்க. கடல் காத்து பட்ட வண்டியாச்சே."

அந்த 'ரெண்டு நாள்' தவிர, இதுவரை சொன்னது உண்மை. இங்கேயே வாயை மூடியிருந்தால் தப்பித்திருப்பார்.

"மீட்டர் வெச்சுப் பார்க்க ரெண்டு நாளா?"

"உள்ள ஒரு ஆள் ரெண்டு நாள் இருக்கணும். மூச்சு விடணும். மூச்சுல ஈரம் இருக்கில்லையா? அது எங்கெங்க போய் இறங்குதுன்னு அளப்பாங்க."

"யார் வேணா மூச்சு விடலாமா?"

"ஓனர்தான் விடணும்."

"குறட்டை?"

"என்ன?"

"குறட்டை கணக்குல வருமான்னு கேட்டேன். உங்களுக்கு மூச்சே அதுதானே."

"வரும், வரும்."

"நானும் ஓனர்தானே? கூட வரட்டுமா?"

"ஐயையோ! ரெண்டு பேர் மூச்சுன்னா மீட்டர் குழம்பிடும்."

"ஓ," என்றாள் மஹதி.

அதோடு நின்றுவிட்டது. கத்தரிக்காய் வாங்கி வந்தாலே எந்தக் கடை, யார் பொறுக்கினது, ஏன் காம்பு வாடியிருக்கிறது என்று குடைகிறவள், இதற்கு ஒரே ஒரு 'ஓ' போட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். ஏன் என்று ரகுநாதனுக்குத் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் போகிற சனியனைக் கூப்பிட்டு நிறுத்துவானேன் என்று விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை அவர் ஆபீஸிலிருந்து வருவதற்குள் கேரவனை மஹதி துடைத்து எடுத்திருந்தாள். அலமாரியில் ஒரு ஸ்பூன் இல்லை. ஃப்ரிட்ஜ் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ரகுநாதன் ரகசியமாக ஒளித்து வைத்திருந்த காபிப் பொடி, பிஸ்கட், தலையணை, தூண்டில் எல்லாம் வாசலில் வரிசையாக இருந்தன.

"சர்வீஸுக்குப் போற வண்டில காபிப் பொடி எதுக்குங்க?"

"ரெண்டு நாள் உள்ள இருக்கணுமே."

"சாப்பாட்டுச் சாமான் கூடாதுன்னு அவர்தானே எழுதியிருக்காரு?"

"சரி, தலகாணியாவது..."

"தலகாணி ஈரத்தை இழுத்துக்குமே. நீங்க கஷ்டப்பட்டு விடுற மூச்செல்லாம் பஞ்சுக்குள்ள போயிட்டா சோதனை என்னத்துக்கு ஆகும்?"

இவர் அவிழ்த்துவிட்ட விஞ்ஞானம் இப்போது அவள் கையில் வளர்ந்துகொண்டிருந்தது. மறுத்துப் பேச வழியில்லை.

"இந்தத் தூண்டில்?"

"அது... சுவத்தைத் தட்டிப் பார்க்கிறதுக்கு."

"மெக்கானிக்கிட்ட சுத்தியல் இருக்காதா?"

"இருக்கும்."

"அப்ப இது வேண்டாம்." தூண்டிலைக் கொண்டுபோய்க் கார் டிக்கியில் வைத்தாள். ரகுநாதன் உள்ளுக்குள் துள்ளினார். கார் தன்னோடுதானே வரப்போகிறது! காபிப் பொடியைப் புஜைராவிலேயே வாங்கிக்கொள்ளலாம். அங்கே எண்ணெய்க் கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கும் அருள்முருகன் நல்ல இடமாகப் பார்த்து வைத்திருக்கிறான். தலையணை கூடக் கொடுப்பான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு முசஃபா. வழியனுப்ப வருகிறேன் என்று மஹதியும் ஏறிக்கொண்டாள். கௌஸ் முகைதீனின் ஆட்கள் கேரவனைக் கழற்றி உள்ளே தள்ளினார்கள். ரகுநாதன் ஒரு டாக்ஸியைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"யாருக்குங்க டாக்ஸி?"

"உனக்குத்தான். வீட்டுக்குப் போகணுமே."

"கார் இருக்கிறப்ப டாக்ஸி எதுக்கு? நீங்கதான் ரெண்டு நாள் உள்ளயே இருக்கப் போறீங்களே. சாவியக் குடுங்க."

"கார் வந்து... அவசரத்துக்கு..."

"மூச்சு விடுறதுல என்னங்க அவசரம்?"

சாவிக்கொத்து கை மாறியது. வீட்டுச் சாவியும் அதில்தான் இருந்தது. தூண்டிலோடு கார் திரும்பி, வெல்டிங் கடைகளைத் தாண்டி மறைந்தது. ரகுநாதன் டாக்ஸியைக் கைகாட்டி அனுப்பினார்.

ஆனாலும் மனிதர் மனம் தளரவில்லை. அருள்முருகனிடம் பிக்கப் இருக்கிறது. அவன் வந்து இழுத்துக்கொண்டு போனால் சாயங்காலத்துக்குள் கடல்! போன் போட்டார்.

"சார்! இப்பத்தான் உங்களப் பத்தி நெனச்சேன். வர முடியாமப் போச்சாமே? மனசே கேக்கல சார்."

"வர முடியலைன்னு யார் சொன்னா?"

"மஹதி அக்காதான். வந்துகிட்டு இருக்காங்களாம்ல?"

"எங்கே?"

"இங்கதான் சார். பத்து நாளைக்கு முன்னாடி என் வீட்டுக்காரி பானுப்பிரியாதான் அக்காட்ட போன்ல பேசுச்சு. சார் மட்டும் தனியா கேரவனோட வர்றாராமே, நீங்களும் வாங்களேன்னு கூப்பிட்டுருச்சு. அக்கா உடனே சரின்னுட்டாங்க. உங்ககிட்ட சொல்லலையா சார்?"

பத்து நாள்! ஈரச் சோதனை பிறந்தே ஆறு நாள்தான் ஆகிறது. அந்த ஒற்றை 'ஓ'வின் அர்த்தம் ரகுநாதனுக்கு இப்போது விளங்கியது.

"அருள், உன் பிக்கப்பை எடுத்துட்டு..."

"நானே கேட்டேன் சார், வந்து இழுத்துட்டு வரட்டுமான்னு. அவரு மூச்சு விட்டுக்கிட்டிருக்காரு, தொந்தரவு பண்ணாதீங்கன்னு அக்கா சொல்லிட்டாங்க. ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே சார்?"

பதினொன்றரைக்கு கௌஸ் முகைதீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "முடிஞ்சு போச்சு சார். பிரேக்கு, லைட்டு, காஸ் எல்லாம் பக்கா. சுவத்துல சொட்டு ஈரமில்ல. எடுத்துக்கிடலாம்."

"எப்படி எடுக்கிறது? கார் இல்லையே."

"தங்கச்சி போன் பண்ணுச்சு. ரெண்டு நாளு உள்ளயே இருப்பீங்களாமே?" கௌஸ் முகைதீன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல சண்டையா சார்?"

"இல்லை. மூச்சு..."

"சும்மா சொல்லுங்க. இருபத்தெட்டு வருசமா வண்டி பாக்குறேன். வண்டிக்கு மூச்சு விட வந்த ஆள நான் கண்டதில்ல. நானும் ஒரு தடவ நாலு நாள் கடையிலயே கெடந்தேன். மொத நாளே போயி மன்னிப்புக் கேட்டிருந்தா மூணு நாள் மிச்சமாயிருக்கும்."

அவர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. சாப்பிடும்போது ரகுநாதனுக்குக் கண் கலங்கியது. காரம் என்று சொல்லிச் சமாளித்தார். அதற்குப் பிறகு வெறும் கட்டிலில், மடித்த சட்டையைத் தலைக்கு வைத்து, ஒருவழியாக ஆசைப்பட்ட தனிமையை அனுபவித்தார். அலைக்குப் பதிலாகப் பக்கத்துக் கடையில் சனிக்கிழமை முழுக்க இரும்பு அறுத்தார்கள்.

சாயங்காலம் மஹதி வந்தாள். மூக்கு நுனி வெயிலில் சிவந்திருந்தது. கேரவனை மாட்டிக் கொடுத்துவிட்டு கௌஸ் முகைதீன் ரகுநாதனின் தோளைத் தட்டி, "பணிஞ்சு போயிருங்க சார்," என்று காதோடு சொன்னார்.

ரகுநாதன்தான் வண்டி ஓட்டினார். அவள் அங்கே என்ன செய்தாள், எங்கே உட்கார்ந்தாள், மீன் கிடைத்ததா என்றெல்லாம் கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் அருளுக்குப் போன் போட்ட குட்டு வெளிப்பட்டுவிடும். ஐந்து கிலோமீட்டர் தாக்குப்பிடித்தார்.

"எங்க போயிருந்தே?"

"புஜைராவுக்கு. அருள்முருகன் வீட்டுல பதினாலு பேர். ஒரே கூச்சல், சமையல், பாத்திரம். தலைவலியே வந்துடுச்சு." சிவந்த மூக்கைத் தடவிக்கொண்டாள். "அப்புறம் இன்னைக்குக் காலைல நான் மட்டும் கடலோரமாப் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். ஒருத்தர் வந்து பேசலை. அப்பத்தாங்க எனக்குப் புரிஞ்சுது, நீங்க ஏன் தனியாப் போகணும்னு இவ்வளவு தவிச்சீங்கன்னு."

ரகுநாதனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. பதினாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அவரைப் புரிந்துகொண்டதாகச் சொல்வது இதுதான் முதல் தடவை. இரண்டு நாள் பட்ட பாடெல்லாம் மறந்துபோயிற்று.

"நிஜமாவே புரிஞ்சுதா மஹதி?"

"நல்லாவே புரிஞ்சுது. அதனால அடுத்த வெள்ளிக்கிழமை நான் தனியாப் போறேன். நீங்க கேரவனைக் கொண்டுபோய்க் கடலோரமா நிறுத்தி, தண்ணி பிடிச்சு, காஸை மாட்டிக் குடுத்துட்டு, பஸ்ல வந்துடுங்க."