தலைவர் கோட்டில் நான் தைத்த பட்டன்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் சம்பந்தியம்மாளும் தையல் மெஷினும் நலம். அங்கு தாங்களும் தங்கள் துணைவியாரும் எங்கள் பெண்ணும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். சனிக்கிழமை மாலை தொலைக்காட்சி பார்த்தீர்களா என்று கேட்க மாட்டேன். பார்த்தீர்கள் என்று பெண் சொல்லிவிட்டாள். பார்த்துவிட்டு எழுந்துபோய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினீர்களாம். அப்போது மழை பெய்துகொண்டிருந்தது என்பதையும் அவளே சொன்னாள்.

பிள்ளைகளின் கல்யாணத்தன்று, துறைமுக வேலைநிறுத்தம் முடிந்த நாளில் தலைவர் மேடையேறுமுன் அவர் கோட்டுக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தவன் நான்தான் என்று சொன்னேன். முப்பத்தொரு வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்த தாங்கள், இரண்டு வீட்டார் முன்னிலையிலும், "தையல்காரர் சொல்ற கதைக்கு டேப் பத்தாது, சம்பந்தி" என்றீர்கள். என் சொந்தத் தம்பியே சிரித்தான். ஒன்பது வருடமாக அந்தச் சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை. இப்போது சென்ற நூற்றாண்டின் பெரிய மனிதர்களையும் பெரிய நாட்களையும் பற்றி வாராவாரம் ஆவணப்படம் காட்டுகிறவர்களே என் வீடு தேடி வந்துவிட்டார்கள். தலைவருக்குக் கார் ஓட்டியவர் இன்னும் உயிரோடிருக்கிறார்; அவர்தான் அன்று தலைவர் பேசிய மண்டபத்துக்கு எதிரே நான் வேலை பார்த்த தையல் கடையையும் என்னையும் அடையாளம் சொன்னாராம்.

வந்தவர்கள் நான்கு பேர். சத்தம் வருகிறதென்று முதலில் மின்விசிறியை நிறுத்தினார்கள், பிறகு ஃபிரிட்ஜை நிறுத்தினார்கள், பிறகு உங்கள் சம்பந்தியம்மாளை நிறுத்தப் பார்த்து முடியாமல் சமையலறைக் கதவைச் சாத்தினார்கள், ஃபிரிட்ஜை மறுபடி போட யாருக்கும் நினைவில்லாததால் இரண்டு நாள் பால் கெட்டது. பழைய நாளை நினைத்தபடி ஜன்னல் வழியாகத் தூரத்தைப் பார்க்கச் சொன்னார்கள். எங்கள் ஜன்னலுக்குத் தூரம் கிடையாது, பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவர்தான். அதை ஆறு தடவை ஏக்கத்தோடு பார்த்தேன். ஏழாவது தடவைக்குள் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, அப்படி என்ன பார்க்கிறேன் என்று விசாரித்தார். கடைசியில் ஒரு பட்டனைக் கொடுத்து அன்று தைத்தது போலவே தைக்கச் சொன்னார்கள். ஊசியில் நூல் கோத்தது மட்டும் உங்கள் சம்பந்தியம்மாள்.

ஒளிபரப்பில் முழுசாக இருபது விநாடி வந்தேன். பழைய காலத்துக் களை வேண்டுமென்று என்னைக் கறுப்பு வெள்ளையில் காட்டி, கூடவே சோகமாக வயலினும் வாசித்துவிட்டார்கள். உடனே என் சித்தி மகன் துக்கம் விசாரிக்க ஃபோன் செய்தான். நான்தான் எடுத்தேன். நான் என்று தெரிந்ததும் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றே தோன்றியது.

இதெல்லாம் போகட்டும். எனக்குப் பின்னால் வந்த பேராசிரியரைக் கவனித்தீர்களா? நாற்பது நிமிடப் பேச்சில் தலைவர் வலக்கையை நெஞ்சைவிட்டு எடுக்கவே இல்லை, அது தொழிலாளருக்கு அவர் செய்த மௌன சபதம் என்று எத்தனை அழகாக விளக்கினார்! தாங்களும் ஆண்டுதோறும், 'தலைவர் நெஞ்சில் கைவைத்து நின்றதன் காரணங்கள் மூன்று கூறுக' என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டவர்தானே. அந்தக் கை எதன்மேல் இருந்தது? என் பட்டன்மேல். கடையின் தலைமைத் தையல்காரரான மேஸ்திரி வெளியே போயிருந்ததால் கடையை விட்டு நகர முடியாமல் அந்தப் பேச்சை நான் கேட்கவில்லை. ஆனால் என் நூல் அங்கே இருந்தது. அடுத்த மாதம் பேரன் பிறந்தநாளுக்கு இரண்டு வீட்டாரும் கூடும்போது, "சம்பந்தி சொன்னது நிஜம்" என்று தாங்கள் வாய்திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் தம்பி வந்த பிறகு சொல்லவும்.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் வணக்கம். பெண்ணும் மாப்பிள்ளையும் பேரனும் குறைவில்லாமல் வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சரித்திரத்துக்குள் ஊசி நுழைத்த தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கையெழுத்து நன்றாக வந்திருப்பதால் மேலே உள்ளதைக் கிழிக்க மனமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் படத்தைப் பதிவு செய்து வைத்திருந்தார். உறைக்குப் பசை தடவும் முன் அதில் தலைவர் பேசும் பழைய காட்சியைப் போட்டுப் பார்த்தோம். உங்கள் சம்பந்தியம்மாள், "ஏங்க, நீங்க தச்ச பட்டன் அங்க இருந்தா, அவர் எதுக்குக் கோட்டைக் கையால பிடிச்சிட்டு நிக்கறாரு?" என்றாள். சபதம் என்றேன். தலைவர் தண்ணீர் குடிக்கக் கையை எடுக்கும் இடத்தில் படத்தை நிறுத்தினாள். கோட்டு திறந்துகொண்டது. நூல் மட்டும் தொங்குகிறது. நாளைக் காலை நான் பட்டன் தைத்த பதினோரு சட்டைகளை வாங்கிப்போக ஆட்கள் வருகிறார்கள், எல்லோரும் எங்கள் தெருக்காரர்கள். ஆகவே கல்யாணத்தன்று தாங்கள் சொன்னதையே பிறந்தநாளிலும் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். தைத்தவன் யாரோ. நான் அன்று கடைக்கே போகவில்லை.