ஒன்பதாம் அத்தியாயத்தில் கிளம்பிப் போன மருமகள்

நாவல் படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்வதால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வராது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கு மலையில் வேலை கிடைத்தது.

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானலையும் தாண்டி மேலே, பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற ஒரு சின்ன ஊரில் நான் பள்ளி ஆசிரியை. வீரம்மாள் என்பவர் வீட்டில் எனக்கு ஓர் அறையும் சாப்பாடும். வீட்டில் வீரம்மாள், அவர் மகன் சின்னராசு, புதிதாக வாழ வந்த மருமகள் சரசு. சரசுவுக்குப் பிறந்த ஊர் மலையடிவாரத்து வத்தலக்குண்டு. வெயிலில் வளர்ந்த பெண். எங்கள் ஊர்க் குளிரில் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டேதான் நடப்பாள்.

திண்டுக்கல்லிலிருந்து என் அண்ணன் பஸ் கண்டக்டரிடம் நாவல்கள் கொடுத்தனுப்புவான். நான் அவற்றைப் படிக்கும் வேகம் பயங்கரமானது. நிலா வந்தால் ஒரு பக்கம் தாண்டுவேன். யாராவது தத்துவம் பேசினால் மூன்று பக்கம். (அழுகை வந்தால் மட்டும் ஒரு வரி விடமாட்டேன்.) படித்தது பாதி என்றாலும் தீர்ப்பு மட்டும் முழுதாக வந்துவிடும்.

அது பூண்டு அறுவடைக் காலம். பள்ளி விட்டு வந்தால் வீரம்மாள் வீட்டு முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்து பூண்டுத் தாள்களை முடிந்து கட்டுக் கட்டிக்கொண்டிருப்பார்கள். கை வேலையில் இருந்தாலும் காது சும்மாதானே இருக்கிறது? “டீச்சர், இந்த வாட்டி என்ன படிச்சீங்க?” என்பார்கள். நானும் பெரிய விமரிசகர் மாதிரி ஆரம்பிப்பேன்.

அந்த வாரம் மூன்று நாவல்கள். துப்பறியும் கதையில் சமையற்காரன்தான் கொலைகாரன் என்று அறிவித்தேன். (அவன் அடுத்த அத்தியாயத்திலேயே கொலையாகிப்போனான்.) ராஜா கதையில் குதிரைகள் அதிகம், கல்யாணம் குறைவு என்றேன். மூன்றாவது குடும்பக் கதை. மாமியார் கொடுமை தாங்காமல் மருமகள் ஒன்பதாம் அத்தியாயத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். நான் படித்திருந்தது அதுவரைதான்.

“அவ செஞ்சதுதான் சரி. நானா இருந்தா மூணாவது அத்தியாயத்துலேயே கிளம்பியிருப்பேன்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். வீரம்மாளும் சிரித்தார். சரசு மட்டும் சிரிக்கவில்லை.

“அப்புறம் புருசன் தேடி வந்தானா டீச்சர்?”

படிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வருமா? “வராம இருப்பானா? மறுநாளே ஓடி வந்துட்டான்” என்றேன்.

மறுநாள் நான் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தபோது வீரம்மாள் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“டீச்சர், மூணாவது அத்தியாயம்னா என்னா?”

“எ... எதுக்குங்க?”

“‘மூணாவது அத்தியாயத்துலயே போயிருக்கணும், டீச்சரே சொல்லிட்டாங்க’ன்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வெள்ளனே பஸ் ஏறிட்டா என் மருமக.”

பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். நானும்தான்.

சின்னராசு போய் அழைத்து வருவான் என்று பார்த்தால் அவன் அசையவில்லை. “சொல்லாமப் போனவ, அவளா வரட்டும்” என்று சொல்லிவிட்டு, அந்தக் கோபத்தையெல்லாம் மண்வெட்டியில் காட்டினான். எனக்கு வருகிற சாப்பாட்டில் முதலில் பொரியல் நின்றது. பிறகு ரசம். என்னைப் பட்டினி போடுமுன் பரிகாரம் தேடலாமென்று நாவலின் மிச்சத்தைப் படித்தேன். புருஷன் தேடி வரவேயில்லை. கோபித்துக்கொண்டு பர்மாவுக்குக் கப்பலேறிவிட்டான். கதாநாயகிக்கு இருமல் வந்தது. அழுகை வந்தால் ஒரு வரி விடாத நான், அன்று புத்தகத்தை மூடிவிட்டு என் அழுகையை அழுதேன்.

சனிக்கிழமை, பூண்டு மூட்டைகள் ஏற்றிய லாரி கீழே கிளம்பத் தயாராக நின்றது. வீரம்மாள் என் அறைக்கு வந்தார்.

“கிளம்புங்க டீச்சர். அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கங்க. கதைய ஆரம்பிச்சு வச்சது நீங்க. வெரசா வந்து முடிச்சு வைங்க.”

சின்னராசுவை மூட்டைகள் மேல் உட்காரவைத்து, வீரம்மாளும் நானும் டிரைவர் பக்கத்தில் ஏறினோம். மலைப்பாதை வளைவுகளில் என் வயிறு என்ன பாடுபட்டது என்பதை விவரிக்கப்போவதில்லை. வாசகர்கள் இந்த இடத்தில் ஒரு பக்கம் தாண்டிக்கொள்ளலாம்.

சரசுவின் அப்பா வத்தலக்குண்டில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். “வாங்க சம்மந்தி, வாங்க மாப்ளே” என்றவர், என்னைப் பார்த்ததும் கொஞ்சம் பின்வாங்கினார். “நீங்கதானா அந்த டீச்சர்?”

சரசு உள்ளேயிருந்து வந்தாள். புருஷனையும் பார்க்கவில்லை, மாமியாரையும் பார்க்கவில்லை. நேரே என்னிடம் கேட்டாள்: “மறுநாளே ஓடி வந்துட்டான்னு சொன்னீங்களே டீச்சர். நான் பஸ் ஸ்டாண்டையே பார்த்துக்கிட்டுக் கெடக்கேன்.”

சின்னராசு பரிதாபமாகச் சொன்னான்: “எனக்கு யாரும் அந்தக் கதைய சொல்லலையே!”

வீரம்மாள் பாயை விரித்து என்னை உட்காரச் சொன்னார். “மேக்கொண்டு படிங்க டீச்சர். வாயால வேண்டாம், புத்தகத்தப் பார்த்துப் படிங்க.”

புத்தகத்தைப் பிரித்தேன். வந்து விழுந்தது இருமல் பக்கம். கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். “ஒரு நாள்... மாமியாரே நேரில் வந்தாள். ‘வா அம்மா, வீடு வெறிச்சென்று இருக்கிறது’ என்றாள்...”

“அப்படியா போட்டிருக்கு?” என்றார் வீரம்மாள். குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். சரசு என் தோளுக்குப் பின்னால் நின்று பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்! எனக்குக் காது சுட்டது. இதோ, இப்போது சொல்லப்போகிறாள். இத்தோடு என் உத்தியோகம், மானம், ரசம் எல்லாம் முடிந்தது.

சரசு பக்கத்தின் மேல் விரலை வைத்தாள். “ஆமா அத்தே, அப்படித்தான் போட்டிருக்கு. ‘இனிமே விடியக்காலைல பச்சத் தண்ணில பாத்திரம் கழுவ வேணாம், வெந்நீர் வச்சுக்க’ன்னும் சொல்லியிருக்கா.”

வீரம்மாள் யோசித்தார். “வெந்நீருன்னா விறகு செலவாகுமே. மருமக என்ன சொன்னா?”

“விறகு அவ பொறுக்கிட்டு வாரேன்னா” என்றேன் நான், அதே பக்கத்தில் கண்ணை ஓட்டி.

“மாசத்துக்கு ஒருக்கா அம்மாவப் பாக்க அனுப்புறேன்னும் போட்டிருக்கு” என்றாள் சரசு.

“பூண்டு நடுற மாசம் போக முடியாதுன்னு இருக்கா, பாருங்க டீச்சர்” என்றார் வீரம்மாள்.

பார்த்தேன். இருந்தது.

“கூட்டிட்டுப் போறது புருசன்தான். வந்தா ஒரு சினிமாவும் உண்டு” என்றாள் சரசு. சின்னராசுவுக்குக் காது சிவந்தது. “அது நல்லாருக்கு” என்றான்.

வீரம்மாள் புத்தகத்தையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இவ்வளவுமா ஒரே பக்கத்துல போட்டிருக்கான்?”

“சின்ன எழுத்து, சம்மந்தி” என்றார் சரசுவின் அப்பா.

வீரம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டார். “சரி, லாரி நிக்குது. பெட்டிய எடுத்துட்டு வா.”

திரும்பும்போது சின்னராசுவோடு சரசுவும் காலி லாரியின் பின்னால் ஏறிக்கொண்டாள். வளைவுகளில் இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. வீரம்மாள் கேட்காத மாதிரி சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். அன்று இரவு எனக்கு ரசம் வந்தது, கூடவே அப்பளமும்.

அடுத்த வாரம் சரசு அந்த நாவலைக் கேட்டு வாங்கி, முழுவதும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “எழுதினவருக்கு முடிக்கத் தெரியல டீச்சர். நம்ம முடிவுதான் நல்லாருக்கு” என்றாள். நான் அதுவரை கேட்ட விமரிசனங்களிலேயே அதுதான் சிறந்தது.

இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் என் கணவரிடம் சொன்னது நான் செய்த தவறு. என் மகனுக்குத் திருமணமான மாதம், மருமகளுக்குப் பரிசாக இரண்டு நாவல்கள் வாங்கிக் கொடுத்தேன். அவள் ஆசையாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது என் கணவர் பக்கத்தில் போய், மிகவும் அக்கறையாகச் சொன்னார்:

“நல்லாப் படிம்மா. ஆனா பாதியில உங்க வீட்டுக்குக் கிளம்புறதா இருந்தா முதல் நாளே சொல்லிடு. உங்க அத்தைக்கு லாரி ஏற்பாடு பண்ணணும்.”